வண்டியும் கணக்கும்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குச் சேனாதிபதிகளிடம் ஒரு தனி மோகம் உண்டு. யார் வென்றார், யார் தோற்றார், யார் குதிரையிலிருந்து விழுந்தார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அந்தச் சேனாதிபதிக்குச் சோறு கொண்டு போன வண்டிக்காரனைப் பற்றியும், எத்தனை மூட்டை அரிசி போயிற்று என்று குறித்து வைத்த கணக்குப் பிள்ளையைப் பற்றியும் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் பெரிய காரியங்கள் ஜெயித்ததற்கும் கெட்டுப் போனதற்கும் காரணம் தேடிப் புறப்பட்டால், பாதி வழியிலேயே நாம் இந்த இரண்டு பேரிடம்தான் வந்து நிற்கிறோம். யுத்தத்துக்கு மட்டும் அல்ல, தொழிலுக்கும் இதே நியாயம்தான். சரக்கு எங்கே நிற்கிறது? நிற்கிற செய்தி யாருக்குத் தெரியும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லத் தெரிந்தவன் முதலாளி ஆகிறான். தெரியாதவன், எத்தனை நல்ல வேலைக்காரனாக இருந்தாலும், கூலிக்காரனாகவே இருக்கிறான்.

நத்தம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மாம்பழமும் புளியும் நினைவுக்கு வரும். பக்தி உள்ளவர்களுக்கு மாரியம்மன் கோயிலும் பூக்குழியும் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் திண்டுக்கல், மறு பக்கம் மதுரை. இரண்டும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள். கரந்தமலையும் அழகர்மலையும் பார்த்துக்கொண்டிருக்க, இன்று வரை ரயில் எட்டிப் பார்க்காத ஊர். 1755-ஆம் வருஷத்தில் இந்த வட்டாரத்தில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒன்று, நத்தம் கணவாயில். மற்றொன்று, மேற்கே திண்டுக்கல் கோட்டையில். இரண்டையும் தனித் தனியாகப் படித்தவர்கள் அநேகர். சேர்த்துப் படித்துப் பார்த்தால், ஒரு தொழிற்சாலை நடத்துகிறவன் தெரிந்துகொள்ள வேண்டிய பாடத்தில் முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் கணவாய்க்குப் போவோம். கர்னல் ஹெரான் என்பவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் தளபதி. 500 ஐரோப்பியச் சோல்ஜர்களையும் 2,000 சிப்பாய்களையும் அழைத்துக்கொண்டு, ஆர்க்காட்டு நவாபின் பெயரால் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் வரி வசூலிக்க வந்தவர். வந்த இடத்தில் கோயில்குடி என்ற ஊர்க் கோயிலைத் தாக்கி, அங்கிருந்த விக்கிரகங்களை மூட்டை கட்டிக்கொண்டார். அது திருமோகூர்க் கோயில்தான் என்று சொல்வோர் பலர். விக்கிரகங்களை மீட்டுக்கொள்ள ஒரு விலையும் வைத்தார். அந்த விலையைக் கொடுக்கக் கோயிலாரிடம் பணம் இல்லை. ஆகவே சாமிகளும் மற்றச் சாமான்களோடு சாமான்களாக வண்டியேறிப் புறப்பட்டன.

மே மாதம் 29-ஆம் தேதி படை நத்தம் கணவாய்க்குள் நுழைந்தது. அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து திருச்சிக்கு அதுதான் ராணுவப் பாதை. இரண்டு புறமும் மனிதன் புக முடியாத காடு. ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். முன்னே போனவர்கள் கண்ணில் எதிரி என்று ஒரு தலையும் படவில்லை. அவர்கள் நிம்மதியாக நடையைக் கட்டினார்கள். அப்போது பீரங்கிப் படையைச் சேர்ந்த கனமான வண்டி ஒன்று சேற்றில் அழுந்தி நின்றுவிட்டது. மாடுகள் முக்கின, முனகின, வண்டி அசையவில்லை. அதற்குப் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. அதற்கு முன்னால் போனவர்களோ நிற்கவில்லை. ஏன் நிற்பார்கள்? வண்டி அழுந்திய செய்தியை யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. தலை ஓரிடத்திலும் வால் ஓரிடத்திலுமாக, நடுவில் வெறும் காடாக, படை இரண்டு துண்டாயிற்று.

இதையெல்லாம் விவரமாக எழுதி வைத்தவர் ராபர்ட் ஆர்ம். அந்தச் சமயத்தில் சென்னைக் கவுன்சிலில் அங்கத்தினராக இருந்தவர். தம்மவர்களின் தவற்றை அவர் மூடி மறைக்கவில்லை. வண்டி நின்றவுடன் முன்னே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்பதை ஸ்பஷ்டமாகவே எழுதுகிறார்.

காட்டுக்குள் இருந்த கள்ளர்களுக்கு மட்டும் எல்லாச் செய்தியும் தெரிந்திருந்தது. எந்த வண்டி நின்றது, எந்தப் படை தாண்டிப் போய்விட்டது, சாமி எந்தச் சுமையில் இருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் அறிந்த விஷயம். 'சாமி, சாமி' என்று கூவிக்கொண்டு பாய்ந்தார்கள். விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் பிற்பாடு ராணுவ விசாரணைக்கு உள்ளாகி உத்தியோகம் இழந்தார். பணம் வாங்கியது முதலாக அவர் பேரில் வேறு குற்றங்களும் இருந்தன. சேற்றில் நின்ற வண்டி ஒன்றே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. சொல்ல வருவது இதுதான்: வண்டி சேற்றில் அழுந்துவது தெய்வச் செயல், அழுந்திய செய்தி முன்னால் போகாதது மனிதச் செயல். அன்று அந்தப் படையிடம் துப்பாக்கி இருந்தது, மருந்து இருந்தது, மாடு இருந்தது. செய்தி மட்டும் இல்லை.

இனித் திண்டுக்கல்லுக்குப் போவோம். அதே 1755-ல் மைசூர் அரசாங்கம் திண்டுக்கல் சீமைக்கு ஒரு பௌஜ்தாரை அனுப்பியது. அவர் பெயர் ஹைதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாதவர். கடைசிக் காலம் வரையில் கையெழுத்தாக ஒரே ஓர் எழுத்தைத்தான் போட்டு வந்தார் என்பார்கள். அந்த மனிதர் திண்டுக்கல்லில் செய்த காரியம் ஆச்சரியமானது. திருச்சியிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கைத்தேர்ச்சி உள்ள வேலைக்காரர்களைத் தேடிப் பிடித்துத் தருவித்தார். பிரெஞ்சுக்காரர்களை அவர்களுக்கு மேஸ்திரிகளாக வைத்தார். பீரங்கி, துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றுக்கு ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். இந்தச் சீமையில், ஐரோப்பாவின் அன்றைய புதுத் தொழில் நுட்பம் பட்டறை போட்டு உட்கார்ந்தது.

ஓர் ஆயுதச் சாலைக்கு என்ன வேண்டும் என்று சற்று எண்ணிப் பாருங்கள். இரும்பு வேண்டும். உருக்கக் கரி வேண்டும். மருந்துக்கு வெடியுப்பும் கந்தகமும் வேண்டும். வண்டிக்கு வைரம் பாய்ந்த மரம் வேண்டும். இவை ஒன்றும் ஓரிடத்தில் விளைவதில்லை. கரி வந்து இரும்பு வராவிட்டால் உலை வீண். இரண்டும் வந்து கூலி வராவிட்டால் வேலைக்காரன் பட்டறையை விட்டு ஓடிப் போவான். ஆகவே ஹைதருக்கு பிரெஞ்சுக்காரரை விட அவசியமாக வேறொருவர் வேண்டியிருந்தது. அவர்தான் காண்டே ராவ் என்ற கணக்கர். எழுத்தறியாத ஹைதரின் அபாரமான ஞாபக சக்தியும், காண்டே ராவின் பேனாவும் சேர்ந்து ஒரு யந்திரம் போல வேலை செய்தன. மைசூரின் சரித்திரத்தை எழுதிய கர்னல் வில்க்ஸ் இதை விஸ்தாரமாகச் சொல்கிறார். கொள்ளையில் கிடைத்த பொருளில் பாதி சிப்பாய்க்கு, பாதி ஹைதருக்கு. ஒரு தலைப்பாகை, ஒரு காதணி கூடக் கணக்கிலிருந்து தப்புவதில்லையாம். கொள்ளை என்பது அதர்மம்தான். ஆனால் அந்த அதர்மத்தையே பேரேடு போட்டு நடத்திய மனிதரை வேறு எங்கும் காண்பது அரிது.

அந்தப் பேரேட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. வில்க்ஸ் சொல்லும் ஒரு கதை. சண்டை ஒன்றில் காயம் பட்டவர்களுக்கு மைசூர் அரசாங்கத்திடமிருந்து படிப் பணம் வாங்க வேண்டியிருந்தது. பார்வையிட அதிகாரி வந்தார். வரிசையாக மஞ்சள் நனைத்த துணிக் கட்டுகளோடு சுமார் எழுநூறு பேர் கிடந்தார்கள். உண்மையில் காயம் பட்டவர்கள் எழுபதுக்கும் குறைவு. மற்றவர்களுக்குப் பட்டது மஞ்சள்தான். அதிகாரி கணக்கை ஒப்புக்கொண்டு பணத்தைப் பட்டுவாடா செய்தார். தலைநகரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஏட்டைப் பார்த்தார்கள், திண்டுக்கல்லைப் பார்க்கவில்லை. கணக்கு என்பது கண் இல்லாத இடத்தில் கண்ணாக இருக்க வேண்டியது. அதுவே கண்ணைக் கட்டும் துணியாகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

காண்டே ராவ் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். தகவலைக் கையில் வைத்திருப்பவன் ஒரு நாள் தன் எஜமானனை விடப் பெரியவன் ஆகிறான். 1760-ல் அவர் ஹைதருக்கு எதிராகத் திரும்பினார். கொஞ்ச நாள் ஹைதரை உயிருக்கு ஓடும்படியும் செய்தார். மறு வருஷம் சக்கரம் சுழன்றது. அவரைக் கிளி போல வைத்துக் காப்பாற்றுவதாக ஹைதர் வாக்குக் கொடுத்தாராம். கொடுத்த வாக்கை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார். இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்தார். ஒரு கணக்கருக்கு அத்தனை பெரிய தண்டனை கொடுக்க வேண்டியிருந்தது என்றால், கணக்குக்கு எத்தனை பெரிய பலம் இருந்திருக்க வேண்டும்!

திண்டுக்கல் பலமுறை கை மாறி, 1792-ஆம் வருஷ உடன்படிக்கையால் கும்பெனிக்குச் சேர்ந்தது. ஆயுதச் சாலை போன இடம் தெரியவில்லை. கோட்டைப் பாறை மட்டும் நிற்கிறது. அதற்கு அப்புறம் இந்தச் சீமைக்கு வந்த பெரிய மாறுதல் ரயில். 1875-ல் திருச்சியிலிருந்து மதுரைக்குத் தென்னிந்திய ரயில்வே பாதை போட்டபோது, அது நத்தம் கணவாயைத் தொடவில்லை. திண்டுக்கல் வழியாகப் போயிற்று. பழைய ராணுவப் பாதை ஒரே நாளில் பக்கத்துத் தெருவாயிற்று. திண்டுக்கல்லுக்குப் பண்டகசாலை வந்தது, கூட்ஸ் ஷெட் வந்தது. முக்கியமாக, தண்டவாளத்தோடு கூடவே தந்திக் கம்பியும் வந்தது. சென்னையில் என்ன விலை என்று திண்டுக்கல் வியாபாரிக்கு அன்றைக்கே தெரியும். நத்தத்து வியாபாரிக்கு மாட்டு வண்டி திரும்பி வந்த பிறகு தெரியும். இந்த இரண்டு நாள் வித்தியாசத்தில் எத்தனையோ பேர் சம்பாதித்தார்கள். எத்தனையோ பேர் இழந்தார்கள்.

திண்டுக்கல் சுருட்டு கடல் கடந்து போனது அந்த வசதியால்தான். சென்னை ஸ்பென்ஸர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது ஊரறிந்த சங்கதி. சுருட்டு என்பது பூப் போன்ற சரக்கு. அதிகம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அதைப் பெட்டியில் அடைத்து, நாள் தவறாமல் ரயிலேற்றி, கப்பலேற்றி, லண்டன் கடைக்காரன் கையில் வாசனை குறையாமல் சேர்ப்பது சாமானியமான காரியம் அல்ல. சுருட்டைச் சுற்றியது திண்டுக்கல் தொழிலாளியின் விரல்தான். ஆனால் எந்த ஊர்க்காரனுக்கு எந்தக் காரம் பிடிக்கும், எந்த மாதம் எத்தனை பெட்டி போகும் என்ற விவரம் அந்த விரலுக்குத் தெரியாது. அது கம்பெனி ஏட்டில் இருந்தது. லாபமும் அந்த ஏட்டைத் தேடிக்கொண்டுதான் போயிற்று.

பூட்டின் கதை இன்னும் உருக்கமானது. திண்டுக்கல் பூட்டை அறியாத தமிழ் வீடு இல்லை. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று எத்தனையோ வகை. கள்ளச் சாவி போட்டால் திறக்காமல் மனிதனை ஏமாற்றும் விசித்திரப் பூட்டுகளும் உண்டு. ஒவ்வொன்றும் கையால் அராவிச் செய்தது. ஒன்றின் நெம்புகோல் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அதுதான் அதன் பெருமை. அதுதான் அதன் துரதிர்ஷ்டமும். அலிகாரில் யந்திரம் ஒரே அச்சில் ஆயிரம் பூட்டை அடித்துத் தள்ளியபோது, திண்டுக்கல் ஆசாரி ஒரே பூட்டில் ஆயிரம் நுட்பத்தைப் புகுத்திக்கொண்டிருந்தார். விலையில் அவரால் போட்டி போட முடியவில்லை. தொழில் தேய்ந்தது; பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் உயிரோடு இருக்கும்போது கவனிக்காமல் விட்டுவிட்டுப் பொன்னாடை போர்த்துவது நமக்குப் பழகிப் போன வழக்கம். பூட்டு கெட்டதால் தொழில் கெடவில்லை. வாங்குகிறவன் யார், அவனுக்கு என்ன வேண்டும், எங்கே இருக்கிறான் என்ற செய்தி பட்டறைக்கு வந்து சேரவே இல்லை. வந்ததெல்லாம் நடுவில் இருந்தவர் சொன்ன விலை ஒன்றுதான்.

மறுபடியும் நத்தத்துக்குத் திரும்புவோம். இன்று நத்தத்தின் தெருக்களில் நடந்தால் தையல் யந்திரத்தின் சத்தம் காதில் விழும். ஆயத்தச் சட்டைகள் இந்த ஊரிலிருந்து எங்கெங்கோ போகின்றன. துணி ஓரிடத்திலிருந்து வருகிறது, பித்தான் ஓரிடத்திலிருந்து வருகிறது, நூல் ஓரிடத்திலிருந்து வருகிறது. கட்டிங் மாஸ்டர் அடுக்கடுக்காக வெட்டித் தள்ளுகிறார். காலர் ஒருவர் தைக்கிறார், கை ஒருவர் தைக்கிறார், காஜா இன்னொருவர் எடுக்கிறார். சில வேலைகள் வீடுகளுக்கே போய்த் திரும்புகின்றன. ஒரு சட்டை என்பது பத்துக் கை மாறி வரும் யாத்திரை.

ஒரு பட்டறையில் நான் கவனித்த விஷயம், வெட்டிய துணிக் கட்டு ஒவ்வொன்றிலும் செருகியிருந்த துண்டுச் சீட்டு. அளவு, எண்ணிக்கை, லாட் நம்பர், எந்த வேலை முடிந்தது என்ற அடையாளம், அவ்வளவுதான். "இந்தச் சீட்டு தொலைஞ்சா என்ன ஆகும்?" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"சீட்டுத் தொலைஞ்சா சட்டை தொலைஞ்ச மாதிரிண்ணே" என்றார். "நாப்பதாம் நம்பர் உடம்புக்கு முப்பத்தெட்டுக் காலர் போயிரும். ஒரு கட்டு காலர் வரலைன்னா பின்னாடி அத்தனை மிஷினும் சும்மா நிக்கும். மொதல்ல இருக்கவன் பாட்டுக்கு வெட்டிக்கிட்டே இருப்பான்."

எனக்கு ஹெரானின் வண்டி கண் முன் வந்தது. முன்னே போகிறவன் போய்க்கொண்டே இருக்கிறான். பின்னே நிற்கிறவன் நின்றுகொண்டே இருக்கிறான். ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்ற என்ஜினீயர் இந்தச் சங்கடத்துக்குத்தான் மருந்து கண்டுபிடித்தார். 1950-களில் அவர் கொண்டு வந்த முறைக்குக் கான்பான் என்று பெயர். அதன் சாரம் ஓர் அட்டைச் சீட்டு. பின்னால் இருக்கிறவன் தனக்கு இத்தனை வேண்டும் என்று சீட்டு அனுப்பினால்தான் முன்னால் இருக்கிறவன் செய்ய வேண்டும். சீட்டு வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சரக்கு முன்னோக்கிப் போகிறது, செய்தி பின்னோக்கி வருகிறது. அமெரிக்கக் கடைகளில் அலமாரி காலியான அளவுக்கே புதுச் சரக்கு அடுக்குவதிலிருந்து அவருக்கு இந்த யோசனை தோன்றியதாம். உலகமே வியந்து பாடம் படித்த இந்த முறைக்கு முதலில் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. காகிதமும் ஒழுங்கும் தேவைப்பட்டன.

இப்போது கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. 2017-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஈ-வே பில் கட்டாயமாயிற்று. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால், என்ன சரக்கு, யார் அனுப்புகிறார், யார் வாங்குகிறார், எந்த லாரி என்பதெல்லாம் வண்டி புறப்படும் முன்பே சர்க்கார் கம்ப்யூட்டரில் ஏறிவிட வேண்டும். முன்பு வண்டி போன பிறகு செய்தி போகும். இப்போது செய்தி முன்னே போகிறது, வண்டி பின்னே போகிறது. பாதையும் மாறிவிட்டது. மதுரை நகருக்குள் நத்தம் சாலைக்கு மேலே 7.3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பறக்கும் பாலம் கட்டி 2023 ஏப்ரல் 8-ஆம் தேதி திறந்தார்கள். ஒரு வண்டி போக இடமில்லாமல் படை சிக்கிய வழியின் ஒரு நுனியில், லாரிகள் இன்று ஆகாயத்தில் போகின்றன. ரயில் ஒதுக்கிவிட்டுப் போன ஊரைச் சாலையும் செல்போனும் மறுபடி ஊராக்கியிருக்கின்றன. இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதே பட்டறையில் காலர் தைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், யந்திரத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை வைத்திருந்தார். கட்டு முடிய முடிய அதில் ஒரு கோடு கிழித்தார். பீஸுக்கு இத்தனை என்று கூலி. முதலாளியின் செல்போனில்தான் எல்லாக் கணக்கும் ஏறுகிறதே, இது எதற்கு என்று கேட்டேன்.

"அது அவுக கணக்குங்கய்யா, இது எங் கணக்கு" என்றார். "சனிக்கெழமை ரெண்டையும் ஒத்துப் பாப்போம். எப்பவாச்சும் வித்தியாசம் வரும். நோட்டு இருந்தாத்தான் வாய் தொறக்க முடியும்."

மனத்தாங்கல் எதுவும் இல்லாமல், கால் மிதியை நிறுத்தாமல் சொன்ன பேச்சு. ஆயினும் மஞ்சள் கட்டுப் போட்ட எழுநூறு பேரைக் கண்டு ஏமாந்த மைசூர் அதிகாரிக்கு இந்த அம்மாளின் புத்தியில் பாதி இருந்திருந்தால் ஒரு ராஜ்யத்தின் பொக்கிஷம் பிழைத்திருக்கும். திண்டுக்கல் ஆசாரியின் பட்டறையிலும் சுருட்டுத் தொழிலாளியின் பலகையிலும் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் இந்தச் சீமையின் கதை வேறு விதமாகக் கூடப் போயிருக்கலாம்.

யந்திரம் புதிதாகிறது, வண்டி வேகமாகிறது, செய்தி வண்டிக்கு முன்னே பறக்கிறது. இவற்றில் எதுவும் தானாக நியாயம் செய்துவிடாது. கணக்கு ஒரே இடத்தில் இருந்தால் அது அதிகாரம். இரண்டு இடத்தில் இருந்தால்தான் அதற்குக் கணக்கு என்று பெயர். நத்தத்துச் சட்டைக்கு நாளைக்கு எந்தப் புது யந்திரம் வந்தாலும் வரட்டும். அந்த நாற்பது பக்க நோட்டுக்கும் அதில் ஓர் இடம் இருக்க வேண்டும்.